கோலும் பாதையும்: பார்வையற்றோர் நடைத்துணைக் கருவிகளின் ஒரு நூற்றாண்டு

2005-ஆம் ஆண்டில் தில்லியில் இரண்டு முயற்சிகள் ஒன்றையொன்று அறியாமல் தொடங்கின. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இளநிலை மாணவர்கள் சிலர், பார்வையற்றோர் கையில் இருக்கும் கோலுக்கு எதிரொலியைக் கேட்கும் ஆற்றலைச் சேர்க்க முடியுமா என்று ஆராயத் தொடங்கினர். அதே ஆண்டில் பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி, சாலைகளையும் பொது இடங்களையும் தம்மைப் போன்றோர் அச்சமின்றிப் பயன்படுத்தும் வகையில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்.

முன்னது கோலைத் திருத்தும் முயற்சி. பின்னது பாதையைத் திருத்தும் முயற்சி. கோல் ஒன்பது ஆண்டுகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. பாதைக்கான வழக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தீர்ப்பையும், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு தீர்ப்பையும் கண்டது. பார்வையற்றோரின் நடைத்துணைக் கருவிகளின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டுமே எழுதிவிட முடியாது என்பதற்கு இந்தக் கால இடைவெளியே சான்று. ஒவ்வொரு கருவிக்கும் அடியில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையை யார் அமைத்தார்கள், யாரை நினைத்து அமைத்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

கோல் வெண்மையான கதை

பார்வையற்றோர் கோலூன்றி நடப்பது மனித நாகரிகத்தின் அளவுக்குப் பழையது. ஆனால் அந்தக் கோல் வெண்ணிறம் பெற்று நூறாண்டுகளே ஆகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் விபத்தொன்றில் பார்வையை இழந்தார். வீட்டைச் சுற்றிப் பெருகிவந்த மோட்டார் வாகனங்களின் ஓட்டுநர்கள் தம்மைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக 1921-இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டார். 1930-இல் அமெரிக்காவின் பியோரியா நகர லயன்ஸ் சங்கத்தினர் வெண்கோலைப் பரப்பும் பணியை மேற்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அந்நகர மன்றம், வெண்கோலுடன் செல்வோருக்குச் சாலையில் முன்னுரிமை வழங்கும் விதியை இயற்றியது. 1931-இல் பாரிஸ் நகரில் கில்லி தெர்பெமோன் என்ற பெண்மணி வெண்கோல் இயக்கத்தைத் தொடங்கினார். 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அக்டோபர் 15-ஆம் நாளை வெண்கோல் பாதுகாப்பு நாளாக அறிவிக்க வழிசெய்தது. இலங்கைத் தமிழர் ‘வெள்ளைப் பிரம்பு தினம்’ என்று வழங்குவது இந்த நாளையே.

இந்தத் தொடக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. கோலின் வெண்மையால் அதைப் பிடித்திருப்பவருக்கு நேரடியாக எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. அது எதிரே வருபவரின் கண்ணுக்கானது. மோட்டார் வாகனம் தெருவைக் கைப்பற்றிய காலத்தில், நடப்பவர் தம் இருப்பை அறிவித்துக்கொள்ள வேண்டிய நிலை உருவானது. வெண்கோலின் பிறப்புக்குக் காரணம் பார்வையின்மை மட்டுமன்று. மாறிவிட்ட சாலையும் ஒரு காரணம்.

கோல் தகவல் தரும் கருவியாக மாறியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்கள் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் படை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். முன்பு மேரிலாந்து பார்வையற்றோர் பள்ளியில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹூவர் என்ற படைவீரர் அங்கே அவர்களுக்கு நடைப்பயிற்சி அளித்தார். உடல் எடையைத் தாங்கும் குட்டையான ஊன்றுகோல் அவர்களுக்கு உதவாது என்பதை உணர்ந்தார். நெஞ்செலும்பு உயரத்துக்கு நீளும் மெல்லிய, எடை குறைந்த கோலை வடிவமைத்தார். இடக்கால் முன்வைக்கும்போது கோலின் நுனி வலப்பக்கத் தரையையும், வலக்கால் முன்வைக்கும்போது இடப்பக்கத் தரையையும் தொட வேண்டும். அடுத்து எந்த இடத்தில் கால் படப்போகிறதோ அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும்.

ஹூவரின் முறை எளிமையாகத் தோன்றினாலும் ஆழமானது. மேட்டையும் பள்ளத்தையும் படியையும், மண்ணுக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்த நுனி கைக்குச் சொல்லிவிடுகிறது. தட்டும் ஓசையிலிருந்து சுவர் அருகில் இருக்கிறதா, திறந்தவெளியா என்பதும் புரிகிறது. பேட்டரி தேவையில்லை, பழுது ஏற்படுவது அரிது, விலையும் குறைவு. பின்னர் கண் மருத்துவராகவே பணியாற்றிய ஹூவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

ஆனால் கோலுக்கு ஓர் எல்லை உண்டு. அது தரையைத்தான் தொடும். முழங்காலுக்கு மேல் உள்ள எதையும் அதனால் அறிய முடியாது. தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, நிறுத்தி வைத்த லாரியின் பின்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, அடியில் வெற்றிடமும் மேலே பலகையும் கொண்ட அறிவிப்புத் தட்டி ஆகியவற்றின் கீழே கோல் தடையின்றிச் சென்றுவிடும். மோதுவது நெற்றியாக இருக்கும். அடுத்த அரை நூற்றாண்டில் பொறியாளர்கள் பலர் தீர்க்க முயன்ற சிக்கல்களில் முதன்மையானது இதுவே.

வௌவாலிடம் கற்றது

இருளில் வௌவால் எப்படிப் பறக்கிறது என்ற கேள்வியை 1793-இல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி எழுப்பினார். கண்களை மறைத்தாலும் வௌவால்கள் தடையில் மோதாமல் பறப்பதைக் கண்டார். காதுகளை அடைத்தால் அவை தடுமாறுவதும் அக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. ஆனால் விளக்கம் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழியறிகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான டொனால்ட் கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் 1930-களின் இறுதியிலும் 1940-களின் தொடக்கத்திலும் நிறுவினர்.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. பார்வையற்றோர் பலர், சுவரை நெருங்கும்போது முகத்தில் ஏதோ அழுத்தம் தெரிவதாகச் சொல்லி வந்தனர். இதற்கு ‘முகப் பார்வை’ என்று பெயரும் இருந்தது. மைக்கேல் சூப்பா, மில்டன் காட்ஸின், கார்ல் டாலன்பாக் ஆகியோர் 1944-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. முகத்தை மூடிவிட்டாலும் பங்கேற்பாளர்கள் தடையை உணர்ந்தனர். காதுகளை அடைத்ததும் அந்த ஆற்றல் மறைந்தது. தங்கள் காலடி ஓசையின் எதிரொலியை அவர்கள் அறியாமலேயே கேட்டு வந்திருக்கிறார்கள். ஆய்வாளர்களுள் ஒருவரான சூப்பாவே பார்வையற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன. எதிரொலியைக் கொண்டு தடையை அறிய முடியும் என்பது முதலாவது. பார்வையற்றவருக்கு அவருடைய காது வழிகாட்டும் உறுப்பு. அதை வேறு ஓசையால் அடைத்துவிடக் கூடாது என்பது இரண்டாவது. பொறியாளர்கள் முதல் பாடத்தை விரைவில் பிடித்துக்கொண்டனர். இரண்டாவதைக் கற்கப் பல ஆண்டுகள் ஆயின.

நீருக்கடியில் ஒலியால் வழியறியும் சோனார் தொழில்நுட்பத்தில் தேர்ந்த லெஸ்லி கே என்ற பிரித்தானியப் பொறியாளர் 1960-களில் ‘சோனிக் டார்ச்’ என்ற கைக்கருவியை உருவாக்கினார். டார்ச் விளக்கைப் போல் பிடித்துச் சுழற்றினால், அது அனுப்பும் மீயொலியின் எதிரொலி காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரப்படும். பிற்காலத்தில் நியூசிலாந்தில் பணியாற்றிய அவர், அதே கோட்பாட்டை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி ‘சோனிக்கைடு’ என்ற கருவியாக 1970-களில் வளர்த்தார். அமெரிக்காவில் பெஞ்சமின் என்ற பொறியாளரின் குழு லேசர் கோலை உருவாக்கியது. அதிலிருந்து மேல்நோக்கி ஒன்று, நேராக ஒன்று, கீழ்நோக்கி ஒன்று என மூன்று கதிர்கள் புறப்பட்டன. தலைக்கு நேரே வரும் தடை, எதிரே வரும் தடை, முன்னே திடீரென இறங்கும் பள்ளம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு குறிப்புகளால் அது உணர்த்தியது.

இவை அறிவியல் நோக்கில் பெருஞ்சாதனைகள். எனினும் பார்வையற்றோரில் மிகச் சிலரின் கைகளுக்கே போய்ச் சேர்ந்தன. லேசர் கோலின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஒலிவழிக் கருவிகளின் நுட்பமான இசைக்குறிப்புகளைப் புரிந்துகொள்ள நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. சாலை இரைச்சலையும் எதிரொலியையும் பகுத்துக் கேட்க வேண்டிய காதில் இன்னோர் ஓசையும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோல் ஏற்கெனவே செம்மையாகச் செய்துவந்த வேலையையும் சேர்த்துச் செய்ய இக்கருவிகளில் சில முனைந்தன. வௌவாலைப் பின்பற்றி இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ‘அல்ட்ராகேன்’ இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலியைக் கைவிட்டு விரலுக்கு அதிர்வைத் தரும் வழியை மேற்கொண்டது. சரியான திசையில் எடுத்துவைத்த அடி அது. ஆனால் அதன் விலை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

கேட்டு வடிவமைத்த கோல்

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முறைசார் கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1887-இல் அமிர்தசரஸிலும் 1890-இல் பாளையங்கோட்டையிலும் பள்ளிகள் எழுந்தன. பாளையங்கோட்டைப் பள்ளியை நிறுவியவர் ஆஸ்க்வித் அம்மையார். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943-இல் டேராடூனில் மறுவாழ்வு இல்லம் ஒன்று அமைந்தது. கலிப்போலிப் போரில் தாமே பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர் கிளுத்தா மெக்கன்சி அதற்கு வழிகாட்டினார். இன்றைய தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் வேர் அந்த இல்லத்தில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு மேலைநாட்டு மின்னணுக் கருவிகள் விலைப்பட்டியலில் காணும் பொருள்களாகவே இருந்தன.

இந்தச் சூழலில்தான் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டலில் ரோகன் பால் உள்ளிட்ட இளநிலை மாணவர்கள் தங்கள் பாடத்திட்டப் பணிக்காகப் பார்வையற்றோரைச் சந்தித்தனர். கருவியை முதலில் முடிவு செய்துகொண்டு பயனாளரைத் தேடிச் செல்வதே பொறியியல் மாணவர் வழக்கம். இங்கே நடந்தது வேறு. உங்கள் அன்றாட நடமாட்டத்தில் எது தொல்லை தருகிறது என்று முதலில் கேட்டனர். அவர்களுக்குப் பதில் சொன்னவர்களுள் முக்கியமானவர் திபேந்திர மனோச்சா. பார்வையற்றவரான அவர், பார்வையற்றோருக்கான கணினித் தொழில்நுட்பத்தில் முன்னோடி. சக்‌ஷம் அறக்கட்டளையை வழிநடத்துபவர்.

இரண்டு தொல்லைகள் அந்த உரையாடல்களில் மேலெழுந்தன. முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளில் மோதிக்கொள்வது ஒன்று. நிறுத்தத்தில் வந்து நிற்கும் பேருந்தின் எண் எது, வாசல் எங்கே என்று தெரியாமல் பிறரைக் கேட்டு நிற்பது மற்றொன்று. முதல் தொல்லைக்கு விடையாக ‘ஸ்மார்ட் கேன்’ பிறந்தது. இரண்டாவதற்காக ‘ஆன்போர்டு’ என்ற கருவி உருவாகி, தில்லி, மும்பைப் பேருந்துகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஸ்மார்ட் கேனின் வடிவமைப்பில் வெளிப்படும் பணிவுதான் அதன் வெற்றிக்கு அடிப்படை. அது கோலுக்குப் பதிலாக வந்த கருவியன்று. மடக்கு வெண்கோலின் மேற்பகுதியில் கைப்பிடியாகப் பொருந்தி, வேண்டும்போது கழற்றக்கூடிய ஒரு சிறு பெட்டி, அவ்வளவே. தரையைக் கோல் பார்த்துக்கொள்ளட்டும். முழங்காலிலிருந்து தலை வரை உள்ள வெளியை மட்டும் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற தெளிவான வேலைப் பங்கீடு அதில் இருக்கிறது. மின்னேற்றம் தீர்ந்து கருவி நின்றுபோனாலும் கையில் கோல் இருக்கும். பயனாளர் நடுத்தெருவில் கைவிடப்படமாட்டார்.

அது இயங்கும் முறையும் எளிதில் விளங்கக்கூடியதே. மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மீயொலித் துடிப்புகளை அனுப்புகின்றன. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூன்று மீட்டர் தொலைவில் ஒரு தடை இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஆறு மீட்டர் கடக்க வேண்டும். ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எதிரொலி திரும்பிவிடும். அந்த நேரத்தை அளந்து தொலைவைக் கணக்கிட்டு, கைப்பிடியில் அதிர்வாக உணர்த்துகிறது கருவி. தடை நெருங்க நெருங்க அதிர்வின் போக்கு மாறும். வெளியில் நடக்கும்போது மூன்று மீட்டர் வரையும், வீட்டுக்குள்ளும் நெரிசலிலும் 1.8 மீட்டர் வரையும் உணரும்படி இரு நிலைகள் உண்டு. நெரிசலான இடத்தில் மூன்று மீட்டருக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் அதிர்ந்துகொண்டிருந்தால் கருவி தரும் செய்திக்குப் பொருளே இல்லாமல் போய்விடும் என்ற பட்டறிவிலிருந்து வந்தது இந்தப் பிரிப்பு. காது முழுக்கவும் சாலைக்கே விடப்பட்டது. கார்னெல் ஆய்வு சொன்ன இரண்டாவது பாடம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியக் கைப்பிடியில் நிறைவேறியது.

சென்னையின் பங்கு

ஆய்வகத்தில் இயங்கும் மாதிரிக்கும் கடையில் கிடைக்கும் பொருளுக்கும் இடையே பெரும் பள்ளம் ஒன்று உண்டு. இந்தியக் கல்வி நிறுவனங்களின் எத்தனையோ நல்ல கண்டுபிடிப்புகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைந்திருக்கின்றன. மாணவர் பட்டம் பெற்றுச் சென்றதும் கருவி அலமாரிக்குள் போய்விடும். ஸ்மார்ட் கேன் அந்த முடிவிலிருந்து தப்பியதற்குச் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் முக்கியக் காரணம். குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பப் பேணிகளையும் மஞ்சள்காமாலைக்கான ஒளிச்சிகிச்சைக் கருவிகளையும் இந்திய மருத்துவமனைகளுக்கு ஏற்ற விலையில் செய்து பழகிய நிறுவனம் அது. இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது. தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்தது. சக்‌ஷம் அறக்கட்டளை பயனாளர்களைக் கொண்டு சோதித்துப் பார்த்துப் பயிற்சிக்கும் பொறுப்பேற்றது. சென்னை உற்பத்தி செய்தது. 2014-இல் ஏறத்தாழ 3,000 ரூபாய் விலையில் கருவி வெளிவந்தது. ஒப்பிடத்தக்க வெளிநாட்டுக் கருவிகள் பன்மடங்கு விலையில் விற்ற காலம் அது.

இந்த நால்வர் கூட்டில் எந்த ஒன்றை நீக்கினாலும் கருவி பயனாளரை அடைந்திருக்காது. சோதனைக் கட்டத்தில் பயனாளர்கள் சொன்ன குறைகள் வடிவத்தை மாற்றின. ஒவ்வொருவரும் கோலைப் பிடிக்கும் விதம் வேறு வேறாக இருந்ததால், எப்படிப் பிடித்தாலும் அதிர்வு தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது. கீழே விழுந்தாலும் உடையாத உறுதி வேண்டியிருந்தது. 1981-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகள் திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு நடத்தும் முகாம்களில் வழங்கப்படும் பொருள்களுள் ஸ்மார்ட் கேனும் பின்னர் இடம்பெற்றது. மூவாயிரம் ரூபாயும் பெருந்தொகையாக இருக்கும் குடும்பங்களுக்கு இதுவே வழி.

அதே காலத்தில் வேறு முயற்சிகளும் முளைத்தன. ஐதராபாத்தை மையமாகக் கொண்ட இளைஞர்கள் ‘லே சல்’ என்ற காலணியை உருவாக்கினர். ‘அழைத்துச் செல்’ என்று பொருள்படும் பெயருடைய அது, திரும்ப வேண்டிய திசையைக் காலில் அதிர்வாகச் சொன்னது. துருக்கியில், பார்வையற்றவரான குர்ஷாத் ஜெய்லான் பங்கேற்ற குழு ‘வீவாக்’ என்ற கோலை உருவாக்கிக் கைப்பேசியுடன் இணைத்தது. இன்று கேமராவும் செயற்கை நுண்ணறிவும் பொருத்திய கண்ணாடிகள் எதிரே இருப்பதை வாய்விட்டுச் சொல்கின்றன. இவை ஒவ்வொன்றையும் மதிப்பிடுவதற்கு முன்னோடிகளின் வரலாறு மூன்று கேள்விகளைத் தந்திருக்கிறது. கோல் செய்யும் வேலையைப் பறிக்கிறதா, அதற்குத் துணை நிற்கிறதா? காதைச் சுதந்திரமாக விடுகிறதா? பழுதானால் பக்கத்து ஊரில் சரிசெய்ய முடியுமா?

பள்ளிவாசல் என்னும் தேர்வு

கருவியின் பெருமையை நகரச் சமவெளியில் மட்டும் அளந்தால் போதாது. இடுக்கி மாவட்டத்தில் அடிமாலிக்கும் மூணாறுக்கும் இடையே உள்ள பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். 1940-இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் அது. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். தலைமுறைகளாகத் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள். கொச்சியிலிருந்து மூணாறு, போடி, மதுரை வழியாகத் தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே ஏறுகிறது. மின்னாக்கத்தில் ஒரு மாநிலத்துக்கே முன்னோடியாக இருந்த இந்த ஊரில் பார்வையற்ற ஒருவர் மின்னணுக் கோலுடன் நடக்க முற்பட்டால் என்ன நேரும்?

மூடுபனி ஒரு பொருட்டாக இராது. பார்வையுள்ளவர் தடுமாறும் வெண்பனியிலும் மீயொலி தன் வேலையைச் செய்யும். சாலையோரம் நிற்கும் ஜீப்பையும் தாழ்ந்து தொங்கும் கிளையையும் கைப்பிடி சொல்லிவிடும். ஆனால் மலைச்சாலையின் பேராபத்து மேலே இருப்பதில்லை, கீழே இருக்கிறது. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் சரிவு என்று ஓடும் சாலையில் விளிம்பு எங்கே முடிகிறது என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. முழங்காலுக்கு மேலே பார்க்கும் கருவியால் அதைச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது ஹூவரின் நுனிதான். அந்த நுனியும் ஓரடி முன்னதாக மட்டுமே சொல்லும். வளைவில் திரும்பும் லாரி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைக் கோல், கருவி இரண்டுமே சொல்ல முடியாது. அங்கே வேண்டியது வண்டிகளிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு நடைபாதையும், சரிவின் ஓரத்தில் ஒரு தடுப்பும்.

லயத்திலிருந்து சாலைக்கு இறங்கும் படிகள் ஒரே உயரத்தில் இருந்தால் கோலுக்கு அவை பழகிவிடும். ஒன்று அரையடியாகவும் அடுத்தது ஒன்றரை அடியாகவும் இருந்தால் எவ்வளவு கூர்மையான கருவியும் பயன் தராது. பயிற்சியாளரும் பழுது நீக்குவோரும் சமவெளி நகரங்களில் இருக்க, மலையூரில் நின்றுபோன கருவி பரணில்தான் ஏறும். கருவியின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே ஊரின் கடமை தொடங்குகிறது.

பாதையின் வழக்கு

பாதையைப் பார்வையற்றோருக்காக அமைக்க முடியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் செய்யிச்சி மியாக்கே 1965-இல் காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புடைப்போடுகளை உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒக்கயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் ‘தொடர்ந்து நட’ என்றும், புள்ளிகள் ‘நில், கவனி’ என்றும் சொல்லும். இன்று இந்திய மெட்ரோ ரயில் நிலையங்களில் காணும் மஞ்சள் ஓடுகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்தவை. மின்சாரமோ பயிற்சிக் கட்டணமோ கேட்காத நுட்பம் அது. பதித்த ஓட்டின் நடுவே மின்கம்பத்தை நட்டுவிடாமல் இருந்தால் போதும்.

இந்தியச் சட்டமும் இதை அறியாததன்று. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 45-ஆம் பிரிவில், சாலைச் சந்திப்புகளில் ஒலிக்குறிப்புகளும், பாதசாரிக் கடப்புகளிலும் ரயில் நடைமேடை விளிம்புகளிலும் தொட்டறியும் செதுக்கல்களும் வேண்டும் என்றது. ஆனால் ‘பொருளாதார வசதியின் வரம்புக்குள்’ என்ற தொடரை முன்னே சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு தொடர் மொத்தக் கடமையையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ரத்தூரி 2005-இல் நீதிமன்றம் சென்றதன் பின்னணி இது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2016-ஆம் ஆண்டின் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காலக்கெடுகளுடன் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. அவற்றின் நிறைவேற்றம் மந்தமாக இருந்ததால் வழக்கு மீண்டும் மீண்டும் விசாரணைக்கு வந்தது.

2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அடிப்படையையே தொட்டது. 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆம் விதி, அணுகல்தன்மைக்கான தரங்களை வெறும் வழிகாட்டுதல்களாகவே வைத்திருக்கிறது. சட்டமோ அவற்றைக் கட்டாயம் என்கிறது. எனவே 15(1) விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று அமர்வு தீர்ப்பளித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அத்தரங்களை மாற்றுத்திறனாளிகளைக் கலந்தே உருவாக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2005-இல் ஒரு வகுப்பறை மாணவர்கள் தாமாகவே கைக்கொண்ட முறையை, அதாவது பயன்படுத்துவோரிடம் முதலில் கேட்டல் என்பதை, அரசுக்கு நினைவூட்ட ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

வெண்கோல் பிறந்தது வண்டிகள் தெருவை எடுத்துக்கொண்டதால் என்பதை மீண்டும் நினைவுகூரலாம். ஜேம்ஸ் பிக்ஸ் தம் கோலுக்கு வண்ணம் பூசியபோது, பொறுப்பு நடப்பவர் தலையில் ஏற்றப்பட்டது. அதன் பின் வந்த சோனிக் டார்ச்சும் லேசர் கோலும் ஸ்மார்ட் கேனும் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற அவருக்குக் கிடைத்த துணைகள். அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. நெற்றியில் காயமின்றி வீடு திரும்புவது சிறிய செய்தியன்று. ஆயினும் பொறுப்பின் மறுபாதி சாலையை அமைப்பவரிடம் இருக்கிறது. பள்ளிவாசல் போன்ற ஊர்களில் அடுத்த முறை சாலை அகலப்படுத்தப்படும்போதும், படிகள் புதுப்பிக்கப்படும்போதும், ஒப்பந்தப் புள்ளியில் நடைபாதைக்கும் விளிம்புத் தடுப்புக்கும் சமமான படிக்கும் இடம் இருக்கிறதா என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கு ஊரின் பார்வையற்றவர்களையும் அழைக்கலாம். எந்தப் படி சரியில்லை என்பதை அவர்களுடைய கோல் பல ஆண்டுகளாக அறிந்து வைத்திருக்கிறது.